கலிஃபோர்னியாவில் கடை ஏமாற்றினால் டி.ஏ. அலுவலகத்தில் புகார் கொடுப்பது எப்படி?

அலமாரிச் சீட்டில் 3.99 டாலர் என்று போட்டிருக்கிறது; கல்லாவில் 4.99 விழுகிறது. ஒரு டாலருக்காகவா வாதாடுவது என்று நம்மில் பலர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். இந்தக் கூச்சத்தை நம்பியே சில வியாபாரங்கள் நடக்கின்றன.

கலிஃபோர்னியாவில் இதைத் தட்டிக்கேட்கும் அதிகாரம் உள்ளவர் உங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) டிஸ்டிரிக்ட் அட்டர்னி, சுருக்கமாக டி.ஏ. கொலை, கொள்ளை வழக்குகளை நடத்துபவராகத்தான் செய்திகளில் அவரைப் பார்க்கிறோம். ஆனால் 58 கவுண்டிகளிலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இந்த அரசு வழக்கறிஞர்கள், ஏமாற்று வணிகத்தின் மீது சிவில் வழக்கும் தொடுக்கலாம்.

படி 1: அவர் யாருக்காக வாதாடுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டி.ஏ. உங்கள் வக்கீல் அல்ல. வழக்கு ‘கலிஃபோர்னியா மாநில மக்கள்’ என்ற பெயரில் நடக்கும். உங்கள் ஒரு டாலரை மீட்டுத் தருவதைவிட, அதே ஒரு டாலர் இன்னும் எத்தனை பேரிடம் பறிக்கப்பட்டது என்பதே அவருக்கு முக்கியம். இது புரிந்தால், புகாரை எப்படி எழுத வேண்டும் என்பது தானே விளங்கும்.

அவர் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம் மாநில வணிகச் சட்டத் தொகுப்பின் 17200-ஆவது பிரிவு. சட்டவிரோதமான, நியாயமற்ற, மோசடியான வணிகச் செயல்கள் எல்லாம் இதில் அடங்கும். பொய் விளம்பரத்துக்கு 17500-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். ஏமாற்றப்பட்டவர் 65 வயது நிறைந்தவர் அல்லது மாற்றுத்திறனாளி என்றால் கூடுதலாக இன்னொரு 2,500 வரை போகலாம். பெற்றோர் பெயரில் வாங்கிய பொருள் என்றால் அவர்கள் வயதைப் புகாரில் குறிப்பிடச் சொல்வது இதனால்தான்.

இது ஏட்டளவில் நிற்கும் சட்டமல்ல. 2024 அக்டோபரில், ஒரே நிறுவனத்தின் சேஃப்வே, வான்ஸ், ஆல்பர்ட்சன்ஸ் பலசரக்குக் கடைகள் மீதான வழக்கு ஒன்று சமரசமாக முடிந்தது. அறிவித்த விலையைவிடக் கூடுதலாக வாங்கியதாகவும், பொருள்களின் எடையைத் தவறாகக் குறித்ததாகவும் ஏழு கவுண்டிகளின் டி.ஏ.க்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு அது. நிறுவனம் கட்ட ஒப்புக்கொண்ட தொகை ஏறத்தாழ 40 லட்சம் டாலர்.

படி 2: சரியான கதவைத் தட்டுகிறீர்களா?

புகார் வீடு கட்டும், பழுதுபார்க்கும் ஒப்பந்ததாரர் மீது என்றால் மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியம். கார் பழுதுபார்ப்பு என்றால் அதற்கான மாநிலத் துறை. விலை, எடைக் குளறுபடிக்குக் கவுண்டியின் எடை அளவுத் துறை. அவர்களே கடைக்கு வந்து சோதிப்பார்கள். டி.ஏ.வுக்கும் ஒரு பிரதி அனுப்புவதில் தவறில்லை. உங்களுக்கும் ஒரு கடைக்கும் மட்டுமான தகராறு என்றால் டி.ஏ. பெரும்பாலும் தலையிட மாட்டார். அதற்குச் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் க்ளெய்ம்ஸ் நீதிமன்றம் இருக்கிறது. தனிநபர் 12,500 டாலர் வரை கேட்டு, வக்கீல் இல்லாமலே வாதாடலாம்.

படி 3: ஆதாரம் சேர்ப்பது

பாதிப் புகார்கள் வெறும் ஆத்திரமாகவே போய்ச் சேர்கின்றன. ஆத்திரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய முடியாது.

விலைச்சீட்டைப் படமெடுங்கள், பொருளும் சீட்டும் ஒரே படத்தில் தெரியட்டும். ரசீதை அன்றே படமெடுத்துவிடுங்கள், அந்த வெப்பத்தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும். இணைய விளம்பரம் என்றால் அடியில் உள்ள பொடி எழுத்து வரை முழுப் பக்கத்தையும் சேமியுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள்.

சந்தா விஷயத்தில், சேர்ந்த பக்கத்தையும் ரத்துசெய்ய முயன்ற ஒவ்வொரு திரையையும் வரிசையாக எடுத்துவையுங்கள். இணையத்தில் சேர்த்துக்கொண்ட வாடிக்கையாளரை இணையத்திலேயே விலக விட வேண்டும் என்பது 2018 ஜூலை முதல் இங்கே சட்டம். ‘ரத்துசெய்யத் தொலைபேசியில் அழைக்கவும்’ என்ற ஒற்றை வரித் திரையே நல்ல ஆதாரம்.

ஓர் எச்சரிக்கை. தொலைபேசி உரையாடலை எதிராளிக்குத் தெரியாமல் பதிவு செய்யாதீர்கள். அந்தரங்கமான உரையாடலை எல்லாருடைய சம்மதமும் இல்லாமல் பதிவது கலிஃபோர்னியாவில் குற்றம். அழைப்பு முடிந்ததும் தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்னது ஆகியவற்றை எழுதிவையுங்கள்.

படி 4: கடைக்கு ஒரு மின்னஞ்சல்

இது கட்டாயமில்லை, ஆனால் செய்யுங்கள். வரும் பதில், வராத பதில் இரண்டுமே ஆதாரம்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றாலும் புகாரைக் கைவிடாதீர்கள். கேட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டுக் கேட்காத ஆயிரம் பேரிடம் வாங்குவது பழைய உத்தி.

படி 5: புகாரை எழுதுவது

உங்கள் கவுண்டி டி.ஏ.வின் இணையதளத்தில் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவைத் தேடுங்கள். படிவமோ முகவரியோ இருக்கும். கட்டணம் கிடையாது. எளிய ஆங்கிலம் போதும். ‘இவர்கள் திருடர்கள், உடனே நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி இருக்கட்டும்:

“மார்ச் 3 அன்று இந்தக் கடையில் அரிசிப் பை 14.99 என்று சீட்டில் இருந்தது; 17.99 வாங்கினார்கள். மேலாளரிடம் காட்டியபின் 3 டாலர் திருப்பிக் கொடுத்தார்கள். மார்ச் 17 அன்று அதே சீட்டு அங்கேயே இருந்தது, கல்லாவில் மீண்டும் 17.99. இரண்டு ரசீதுகளும் படங்களும் இணைப்பில்.”

இதில் உயிர்நாடி மார்ச் 17 தான். தெரிந்த பிறகும் திருத்தவில்லை என்பதை அது காட்டுகிறது. நண்பர்களுக்கும் அதே அனுபவம் என்றால் உங்கள் புகாரிலேயே அடைக்காமல், அவர்களைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரர்களிடம் தமிழில் பேசியே விற்பவர்களும் உண்டு. சில வகை ஒப்பந்தங்களை வேறு மொழியில் பேசி முடித்தால் அந்த மொழியிலேயே எழுத்து நகல் தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் ஐந்து மொழிகளைக் குறிப்பிடுகிறது: ஸ்பானியம், சீனம், தகாலோக், வியட்நாமியம், கொரியன். தமிழ் அதில் இல்லை. அதனால் அந்த நகலைக் கேட்க முடியாது. ஆனால் தமிழில் சொன்ன பொய்யும் பொய்தான். விற்றவர் சொன்ன சொற்களைத் தமிழிலேயே எழுதி, கீழே மொழிபெயர்ப்பைச் சேருங்கள்.

படி 6: அனுப்பிய பிறகு

பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வரலாம், அதன்பின் மௌனம். விசாரணை விவரங்களை வெளியே சொல்ல மாட்டார்கள். 17200 வழக்குக்கு நான்கு ஆண்டு அவகாசம் இருப்பதால் அவர்களுக்கு அவசரமில்லை.

உங்களுக்கு அவசரம் உண்டு. கிரெடிட் கார்டில் தவறாக விழுந்த தொகையை எழுத்தில் மறுக்க, அது முதலில் இடம்பெற்ற பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள்தான். டி.ஏ.வின் பதிலை எதிர்பார்த்து அதைத் தவறவிடாதீர்கள். கார்டு நிறுவனத்துக்கு அன்றே எழுதிவிடுங்கள். இடையில் யாராவது டி.ஏ. அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, வழக்கை நடத்தப் பணமோ கிஃப்ட் கார்டு எண்ணோ கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டு இரண்டாவது புகாரை எழுதத் தொடங்குங்கள்.