பொழுதுபோக்கு ஸ்கோப் போதாமல் போகும்போது: அடுத்த ஆசிலோஸ்கோப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவிதான் ஆசிலோஸ்கோப், சுருக்கமாக ஸ்கோப். என் மேசையில் ஒரு மோட்டார் டிரைவர் போர்டு. அதில் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சின் கேட் காலில் ப்ரோபை (ஸ்கோப்பின் அளக்கும் முனையை) வைத்தால் அலை நேராக ஏறுகிறது, ஏறி முடித்த இடத்தில் நாலைந்து தடவை குதித்துவிட்டு அப்புறம்தான் அடங்குகிறது. கேட் ரெசிஸ்டரை மாற்றினேன், கெப்பாசிட்டரை மாற்றினேன், போர்டையே புதிதாக வரைந்து வரவழைத்தேன். குதிப்பு போகவில்லை. "இந்த மலிவு ஸ்கோப்தான் உளறுகிறது" என்று முடிவு கட்டி, பெரிய ஸ்கோப் வாங்க விலைப் பட்டியல்களைப் புரட்ட ஆரம்பித்தேன். நல்லவேளை, வாங்குவதற்கு முன்பே காரணம் தெரிந்துவிட்டது: ப்ரோபில் தொங்கிக்கொண்டிருந்த அந்த 15 சென்டிமீட்டர் கறுப்பு கிரவுண்ட் வயர். புது ஸ்கோப் வாங்கியிருந்தால் அதே பொய்யை இன்னும் பளிச்சென்று காட்டியிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் இந்த விளக்கம் கடையில் தொடங்கவில்லை. உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கிற ஸ்கோப்பில் தொடங்குகிறது.

படி 1: இருப்பதை முதலில் பிழிந்தெடுங்கள்

ப்ரோபை ஸ்கோப்பின் முன்பக்கம் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை முனையில் மாட்டுங்கள். மேல் மூலை மழுங்கியிருந்தாலோ கொம்பு முளைத்தாற்போல் துருத்தியிருந்தாலோ, ப்ரோபில் இருக்கும் குட்டித் திருகை பிளாஸ்டிக் முனைத் திருப்புளியால் மெல்லத் திருப்பி, மூலை சப்பட்டையாக வரும்வரை சரிசெய்யுங்கள். ப்ரோபை வாங்கிய நாளிலிருந்து இதைச் செய்யாதவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அடுத்தது அதே ப்ரோபில் இருக்கும் 1X, 10X சுவிட்ச். 1X-இல் வைத்தால் உங்கள் ஸ்கோப் எத்தனை மெகாஹெர்ட்ஸாக இருந்தாலும் ப்ரோப் சுமார் 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எப்போதும் 10X-இல் வையுங்கள், மிகச் சிறிய, மெதுவான சிக்னலுக்கு மட்டும் 1X.

இப்போது அந்தக் கறுப்பு வயருக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டர் வயருக்குச் சுமார் 1 நானோஹென்றி என்று வைத்துக்கொண்டால் 15 சென்டிமீட்டருக்கு 150 நானோஹென்றி. ப்ரோப் முனையின் கெப்பாசிட்டன்ஸ் 15 பிகோஃபாரட் அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 106 மெகாஹெர்ட்ஸில் மணி அடித்தாற்போல் அதிரும் ஒரு சுற்று உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வேகமாக ஏறும் எந்த சிக்னலும் அந்த மணியைத் தட்டும். என் போர்டில் குதித்தது அதுதான். வயரைக் கழற்றி, ப்ரோப் மூக்கில் மாட்டும் சின்ன கிரவுண்ட் ஸ்பிரிங்கைப் போட்டு, சிக்னலுக்கு அரை சென்டிமீட்டர் பக்கத்திலேயே கிரவுண்டைத் தொட்டேன். குதிப்பு முக்கால்வாசி காணாமல் போனது. மிச்சமிருந்த கால்வாசிதான் உண்மையில் போர்டின் குறை.

இதையெல்லாம் செய்த பிறகும் ஸ்கோப் போதவில்லை என்றால், சரி, மேலே போவோம்.

படி 2: எதைப் பார்க்க முடியவில்லை என்று எழுதுங்கள்

ஒரு தாளில், போன ஆறு மாதத்தில் ஸ்கோப் கைவிட்ட இடங்களை மட்டும் எழுதுங்கள். "எதிர்காலத்தில் தேவைப்படலாம்" என்பதற்கு இந்தத் தாளில் இடமில்லை, அதற்கு முடிவே கிடையாது. "எஸ்பிஐ (சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு முறை) கிளாக் முக்கோணமாகத் தெரிகிறது", "பவர் சப்ளையின் 10 மில்லிவோல்ட் சிற்றலை இரைச்சலில் மூழ்கிவிடுகிறது", "போர்டு எழும்பும் முதல் ஒரு விநாடியை ஜூம் செய்தால் ஒன்றும் தெரியவில்லை" இந்த மாதிரி. முதலாவதற்கு பேண்ட்வித் (எவ்வளவு வேகமான அலைவரை காட்டும் என்ற வரம்பு) வேண்டும், இரண்டாவதற்கு 12 பிட் (உயரத்தை அளக்கும் நுணுக்கம்), மூன்றாவதற்கு மெமரி (பதிந்து வைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை). மூன்றுக்கும் சேர்த்துக் காசு கொட்ட வேண்டியதில்லை.

படி 3: பேண்ட்வித்தை, கிளாக்கை வைத்து அல்ல, விளிம்பை வைத்து கணக்கிடுங்கள்

பெட்டியில் 100 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், 100 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையை அந்த ஸ்கோப் சரியாகக் காட்டும் என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில் 1 வோல்ட் அலை ஏறக்குறைய 0.7 வோல்ட்டாகத் தெரியும். 3 டெசிபெல் குறையும் இடத்துக்குத்தான் பேண்ட்வித் என்று பெயர்.

கிளாக்கைப் போல் ஐந்து மடங்கு பேண்ட்வித் வாங்கு என்று ஒரு பழைய விதி உண்டு. அவசரத்துக்கு உதவும், ஆனால் ஏமாற்றவும் செய்யும். விநாடிக்கு ஆயிரம் தடவை மட்டுமே மாறும் சிக்னலாக இருந்தாலும், இன்றைய சில்லுகளில் அது 2, 3 நானோசெகண்டில் ஏறிவிடும். பிரச்சினை வருவது அந்த விளிம்பில்தான்.

கணக்கு எளிது. 0.35-ஐ பேண்ட்வித்தால் வகுத்தால் ஸ்கோப்பின் சொந்த ஏறும் நேரம் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5 நானோசெகண்ட், 200-க்கு 1.75, 350-க்கு 1. திரையில் தெரியும் நேரம் என்பது, சிக்னலின் ஏறும் நேரம், ஸ்கோப்பின் ஏறும் நேரம் இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தது. உண்மையில் 3.5 நானோசெகண்டில் ஏறும் சிக்னலை 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் பார்த்தால் 4.95 என்று காட்டும், அதாவது 41 விழுக்காடு தவறு. 200-இல் 3.91, தவறு 12 விழுக்காடு. 350-இல் 3.64, தவறு வெறும் 4 விழுக்காடு. உங்கள் வேலைக்கு 12 விழுக்காடு பரவாயில்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பரவாயில்லை, 200-இல் நின்றுவிட்டேன்.

ஐ2சி, யூஆர்ட், கேன் போன்ற மெதுவான தகவல் தொடர்பு முறைகள்தான் உங்கள் உலகம் என்றால் 100 தாராளம். 480 மெகாபிட் யூஎஸ்பி 2.0-இன் அலை வடிவத்தை ஒழுங்காக அளக்க வேண்டும் என்றால் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் ஸ்கோப் வேண்டும். அது நம் சொந்தப் பணத்தில் வாங்கும் பொருள் இல்லை, ஆய்வுக்கூடத்தில் நேரம் கேட்டு வாங்குவது மலிவு.

படி 4: சாம்பிள் வேகம், மெமரி – சிறிய எழுத்தைப் படியுங்கள்

விநாடிக்கு 1 கிகா சாம்பிள் (அலையை அளந்து பதிக்கும் நூறு கோடி புள்ளிகள்) என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது பல ஸ்கோப்களில் ஒரே ஒரு சானலை (உள்ளீட்டை) மட்டும் திறந்தால்தான். பலரும் முதலில் வாங்கிய ரிகோல் டிஎஸ்1054இசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சானல் திறந்தால் அது 500 மில்லியனாகும், நான்கும் திறந்தால் 250 மில்லியன், அதாவது 4 நானோசெகண்டுக்கு ஒரு புள்ளி. 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்கு அது ஒப்பேறும், 200-க்கு ஒப்பேறாது. எல்லாச் சானலும் திறந்திருக்கும்போது எவ்வளவு என்று தேடிப் பாருங்கள், அது பேண்ட்வித்தைப் போல் நான்கைந்து மடங்காவது இருக்க வேண்டும்.

மெமரிக்கும் ஒரு வகுத்தல்தான். 12 மில்லியன் புள்ளி மெமரியை விநாடிக்கு 1 கிகா வேகத்தில் நிரப்பினால் 12 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். ஒரு முழு விநாடி வேண்டும் என்று டைம்பேஸை (திரையின் நேர அளவை) திருகினால், ஸ்கோப் உங்களிடம் கேட்காமலேயே வேகத்தை 12 மில்லியனாகக் குறைத்துக்கொள்ளும். 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி-க்கு அது ஏராளம். 20 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ-யோ திரையில் ஏதோ ஒரு மெதுவான, அழகான, முற்றிலும் பொய்யான அலையாகத் தெரியும். திரையின் ஓரத்தில் அப்போதைய சாம்பிள் வேகம் சின்னதாக எழுதியிருக்கும், அதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

படி 5: 8 பிட்டா, 12 பிட்டா?

8 பிட் என்றால் உயரம் 256 படிகள், 12 பிட் என்றால் 4096. ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட், மொத்தம் 8 கட்டம் என்று வைத்தால், முதலாவதில் ஒரு படி 31 மில்லிவோல்ட், இரண்டாவதில் 2 மில்லிவோல்ட். பெரிய அலையின் மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சுருக்கத்தை ஜூம் செய்து பார்க்கிறவர்களுக்கு இது நல்ல வித்தியாசம். முன்பெல்லாம் 12 பிட் பெரிய பணக்காரச் சமாச்சாரம். இப்போது ரிகோல் டிஎச்ஓ800, சிக்லெண்ட் எஸ்டிஎஸ்800எக்ஸ் எச்டி வரிசைகளில் தொடக்கநிலை ஸ்கோப்பிலேயே வந்துவிட்டது. புதிதாக வாங்குகிறவர் இனி 8 பிட்டைத் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் ஸ்கோப்பின் சொந்த இரைச்சல் அதிகமாக இருந்தால் கடைசி ஒன்றிரண்டு பிட் வெறும் அலங்காரம்தான், அதையும் மனதில் வையுங்கள்.

சிற்றலை பார்க்க மட்டும் என்றால் வாங்குவதற்கு முன் ஒன்று: இப்போதிருக்கும் ஸ்கோப்பில் ஏசி கப்ளிங் (மாறாத மின்னழுத்தத்தை வெட்டிவிட்டு மாறுவதை மட்டும் காட்டுவது), 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் வரம்பு, கிரவுண்ட் ஸ்பிரிங் மூன்றையும் போட்டுப் பாருங்கள். பிரச்சினை அங்கேயே தீரக்கூடும்.

படி 6: மிச்ச வசதிகள்

நான்கு சானல் வாங்குங்கள், இரண்டு போதாது. எஸ்பிஐ-க்கே நான்கு வயர். டிகோட் வசதி (அலையைப் படித்து அதிலிருக்கும் தகவலைக் காட்டுவது) விலையில் சேர்ந்ததா, தனி உரிமம் வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். 50 ஓம் உள்ளீடு பல தொடக்கநிலை ஸ்கோப்களில் கிடையாது, ஆர்எஃப் (வானொலி அலை) பக்கம் போகிறவர்கள் கவனிக்கவும். அப்புறம் எந்த விலைப் பட்டியலிலும் முன்னுக்கு வராத ஒன்று: மின்விசிறிச் சத்தம். வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் படுக்கையறை மூலையில்தான் என் மேசை, இரவு பதினொன்றுக்கு அது உறுமினால் வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

படி 7: 230 வோல்ட் பக்கம் போவதற்கு முன்

இதை மட்டும் தாவிவிட்டுப் போகாதீர்கள். மேசை ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப், நம் மூன்று முனை பிளக்கின் எர்த் முனையோடு நேராக இணைந்திருக்கிறது. சிங்கப்பூர் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், உச்சத்தில் 325. அந்தக் கிளிப்பை லைவ் பக்கத்திலோ, பவர் சப்ளையின், வீட்டு மின்சாரத்திலிருந்து தனிமைப்படுத்தாத முதல் பாதியிலோ மாட்டினால், லைவை எர்த்தோடு கையால் இணைப்பதும் அதுவும் ஒன்றுதான். அதிர்ஷ்டம் இருந்தால் பிரேக்கர் விழும். இல்லாவிட்டால் ஸ்கோப், ப்ரோப், அதில் செருகிய மடிக்கணினி எல்லாம் போகும், உங்களுக்கும் ஆபத்து.

"எர்த் முனையை வெட்டிவிடு, சரியாகிவிடும்" என்று சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வெட்டினால் ஸ்கோப்பின் உலோகப் பாகமெல்லாம் லைவாக நிற்கும். வேண்டவே வேண்டாம். இந்த வேலை உங்கள் தாளில் இருந்தால், ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் உயர் அழுத்த டிஃபரன்ஷியல் ப்ரோபின் (எர்த்தோடு இணைக்காமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் ப்ரோப்) விலையை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் ஸ்கோப் பாருங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் கதை ஸ்கோப் விஷயத்தில்தான் அதிகம் நடக்கிறது.

படி 8: சிங்கப்பூரில் வாங்குவது

ஆர்எஸ், எலிமென்ட்14 போன்ற மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனங்களில் விலை கூட இருக்கலாம், ஆனால் ரசீது, உத்தரவாதம் ஒழுங்காக வரும். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினால் பொருள் சேவை வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், 2024 முதல் 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு மேல் போனால் பொருள் இங்கே வரும்போது, அனுப்பும் செலவு, காப்புறுதியையும் சேர்த்த மதிப்புக்கு வரி விழும். ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவரை உதிரிப் பாகம், பிஎன்சி (ஸ்கோப்பின் வட்ட உள்ளீட்டு முனை) கேபிள் மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் பக்கத்து சிம் லிம் ஸ்குவேருக்குள் போய் விழிப்பது வழக்கம், இரண்டும் வேறு. வேலை முடிந்தால் தேக்காவுக்கு நடந்தே போய்ச் சாப்பிடலாம்.

அலுவலக வேலைக்கு என்றால் அளவுத்திருத்தச் சான்றிதழ் கேட்பார்கள். சிங்லாஸ் (சிங்கப்பூரின் ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டியிருக்கலாம், அதன் செலவை முன்கூட்டியே விசாரியுங்கள். வீட்டுக்கு மட்டும் என்றால் அது தேவையில்லை.

பழையது வாங்கப் போகிறீர்களா? பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டர், உங்களுக்குப் பழகிய ஒரு ப்ரோப் எடுத்துப் போங்கள். ஸ்கோப்பை ஓடவிட்டு இருபது நிமிடம் விற்பவரோடு பேசிக்கொண்டிருங்கள், சூடான பிறகுதான் சில குறைகள் தலைகாட்டும். ஒன்றும் மாட்டாமல் ஒவ்வொரு சானலையும் மிகச் சிறிய வோல்ட் அளவில் வைத்து, கோடுகளின் தடிமன் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சானல் மட்டும் தடியாக இருந்தால் யாரோ அதில் எதையோ வறுத்திருக்கிறார்கள். அப்புறம் பேட்டரியை நான்கு சானலிலும் மாறி மாறி மாட்டி மீட்டரோடு ஒப்பிடுங்கள், 2, 3 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் முதலில் செல்ஃப் கேல் (ஸ்கோப் தன்னைத்தானே அளவுத்திருத்திக்கொள்வது) ஓட்டச் சொல்லுங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிஎன்சி முனை ஆடுகிறதா, திருகுகள் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு படிதான் நகர்கின்றனவா என்றும் பாருங்கள்.

கடைசியாகப் பெட்டியைத் திறந்து நான்கு ப்ரோபும், அந்தச் சின்ன ஸ்பிரிங் பொட்டலமும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். பொட்டலம் மட்டும் தொலைந்திருந்தால் அதற்காக விட்டுவிட்டு வர வேண்டாம். ஈயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பியை ப்ரோப் மூக்கின் உலோக வளையத்தில் இறுக்கமாக மூன்று சுற்று சுற்றி, நுனியை முன்பக்கம் வளைத்துவிட்டால் போதும். என்னுடையது இன்னமும் அதுதான்.