மரவட்டையை நிறத்தை வைத்து இனம் காணாதீர்கள்

மழைக்காலம் வந்தால் குளியலறை மூலையிலும், தோட்டத்து இலைச்சருகுக்கு அடியிலும் மரவட்டைகள் ஊரத் தொடங்கும். நம் ஊரில் பலருக்கும் அது ரயில்பூச்சி. படம் எடுத்து "இது எந்தக் குடும்பம்?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான படங்கள் மேலிருந்து எடுத்தவை. நிறம் பளிச்சென்று தெரியும், குடும்பத்தைச் சொல்லும் உறுப்பு தெரியாது.

நிறத்தை நம்புவதுதான் பெரிய தவறு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் சயனைடு சுரக்கும் மரவட்டைகள் உண்டு. அங்கே ஒரே காட்டில் வாழும் வெவ்வேறு பேரினங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்ததுபோல ஒரே நிறத்தில் இருப்பதை பால் மாரெக், ஜேசன் பாண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2009-இல் விளக்கினார்கள். அந்த நிறம் பறவைகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை, உறவுமுறைக்கு அடையாளமில்லை. அதோடு, சாராயத்தில் போட்டு வைத்த மாதிரியின் நிறம் நாளாக நாளாக வெளுத்தும் போகும்.

அடுத்த தவறு, வரிசையை, அதாவது பல குடும்பங்களை அடக்கிய பெரிய பிரிவைத் தாண்டி நேராகக் குடும்பத்துக்குப் போவது. உருண்டை உடம்பு என்றால் எல்லாம் ஒன்று என நினைத்துவிடுகிறார்கள். முகத்தைப் பாருங்கள். உச்சியிலிருந்து வாய் வரை நடுவில் ஒரு கோடு இறங்கினால் அது பெரும்பாலும் ஸ்பைரோபோலிடா வரிசை. தென்னிந்தியாவில் கீற்றுக்கூரைகளில் ஏறித் தொல்லை தரும் ஜெனோபோலஸ் கார்னிஃபெக்ஸ் இந்த வரிசையில் பேக்கிபோலிடே குடும்பம். நெற்றியில் அப்படி முழுநீளக் கோடு இல்லாமல் உடம்பு பெரிதாக, நீளமாக இருந்தால் ஸ்பைரோஸ்ட்ரெப்டிடாவாக இருக்கலாம். ஹார்பகோஃபோரிடே குடும்பம் அதில்தான் வருகிறது.

கண்ணே இல்லாமல், முதிர்ந்த நிலையில் ஏறத்தாழ 20 வளையங்களோடு, பக்கவாட்டில் இறக்கைபோல விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பாலிடெஸ்மிடா. கருப்பு உடலில் மஞ்சள் விளிம்போடு வரும் ஏசியோமார்ஃபா கோர்க்டேட்டா இதில் பாரடாக்ஸோசோமாட்டிடே குடும்பம். ஆனால் இந்த வரிசையிலேயே விளிம்பு தேய்ந்து உருண்டையாகத் தெரியும் இனங்களும் உண்டு. அதனால் தட்டையா உருண்டையா என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. கண்ணையும் வளைய எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

வளையம் எண்ணுவதிலும் ஒரு சிக்கல். முட்டையிலிருந்து வரும் மரவட்டைக்குப் பொதுவாக மூன்று ஜோடிக் கால்தான். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் வளையமும் காலும் கூடும். குஞ்சைப் பிடித்து எண்ணிவிட்டு "வளையம் குறைவு, இது வேறு குடும்பம்" என்று சொல்வது அடிக்கடி நடக்கிறது.

சரி, குடும்பத்தை உறுதியாகச் சொல்வது எது? வளர்ந்த ஆணின் ஏழாவது வளையம். தலைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை போல இருக்கும் காலற்ற வளையத்தை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். ரயிலின் ஏழாவது பெட்டிக்கு அடியில் சக்கரத்தைக் காணோம் என்பதுபோல அங்கே கால் இல்லாத இடைவெளி தெரியும். நடக்கும் கால்கள் அங்கே இனப்பெருக்க உறுப்பாக மாறியிருக்கின்றன. அதன் பெயர் கோனோபாட். பாலிடெஸ்மிடாவில் அந்த வளையத்தின் முன் ஜோடி மட்டும் மாறும், பின் ஜோடி நடக்கும் காலாகவே இருக்கும். மேலே சொன்ன இரண்டு உருண்டை வரிசைகளிலோ இரு ஜோடிகளும் நடக்கும் காலாக இருக்காது. கோனோபாடின் வளைவும் நுனியும் எப்படி இருக்கின்றன என்பதை வைத்தே நிபுணர்கள் குடும்பத்தையும் இனத்தையும் பிரிக்கிறார்கள். அதனால்தான் பக்கவாட்டுப் படமும் அடிப்புறப் படமும் கேட்கிறோம்.

பந்தாகச் சுருளும் பெரிய மரவட்டைக்கு இந்த விதி பொருந்தாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் ஆர்த்ரோஸ்ஃபேரா அப்படிப்பட்டது. அதன் ஆணுக்கு மாறிய கால்கள் உடலின் பின்முனையில் இருக்கும். சுருள்வதெல்லாம் மரவட்டையும் இல்லை. ஏழு ஜோடிக் கால்களோடு உருளும் சின்னப் பிராணி நண்டு, இறால் வகையைச் சேர்ந்தது.

கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சில இனங்களின் சுரப்பு தோலில் பழுப்புக் கறையாகப் படியும். பெண்ணோ குஞ்சோ கிடைத்தால் வரிசைப் பெயரோடு நிறுத்தி, பிடித்த இடத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். அதே இடத்தில் பிறகு ஓர் ஆண் கிடைக்கும்போது அந்தக் குறிப்பு உதவும்.