பெயருக்கு முன்னால் எத்தனை 'அருள்'? போதகர்களின் பட்டப்பெயர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபையின் அசனப் பண்டிகை (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) அழைப்பிதழை எழுதிக் கொடுப்பது சில வருடங்களாக என் வேலை. அச்சகத்திலிருந்து புரூஃப் வந்ததும் நான் முதலில் பார்ப்பது தேதியை அல்ல, ஐயர்மாரின் பெயர்களை (எங்கள் பக்கம் போதகரை 'ஐயர்' என்போம்). தேதி தப்பினால் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கலாம். 'அருட்திரு' விட்டுப்போனால் அடுத்த அசனம் வரைக்கும் பேச்சுக் கேட்க வேண்டும். ஒருமுறை தேவசெய்தி கொடுக்க வந்தவர் பெயருக்கு முன்னால் 'ரெவ. டாக்டர். பிஷப்', பின்னால் ஆறு பட்டங்கள். பாடகர் குழுவின் பெயரை எடுத்தால்தான் இடம் வரும் என்றார் அச்சகக்காரர்.

இப்படி ஏதாவது நடந்தால் உடனே மத்தேயு 23-ஆம் அதிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள்' என்ற வசனத்தை ஃபாதர் என்று அழைக்கும் கத்தோலிக்கர் மேல் எறிவது நம் புராட்டஸ்டன்ட்காரர்களுக்குப் பழக்கம். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை வாசிப்பதில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் எட்டாம் வசனம் கிறிஸ்து ஒருவரே 'போதகர்' என்கிறது. பத்தாம் வசனம் 'குருக்கள் என்றும் அழைக்கப்படாதிருங்கள்' என்கிறது. நம் சபைகளில் இருப்பவர் யார்? போதகர், சேகரகுரு (சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் குரு). எழுத்துக்கு எழுத்து எடுத்தால் 'ஃபாதர்' என்கிறவர்களைவிட நாம்தான் இரண்டு இடத்தில் மாட்டுகிறோம். பவுலும் கொரிந்தியருக்கு, உபாத்தியாயர் பலர் இருந்தாலும் தகப்பன்மார் அநேகர் உங்களுக்கு இல்லையே, நானே உங்களைப் பெற்றேன் என்றுதான் எழுதுகிறார். மத்தேயுவின் அதே அதிகாரத்தில் இயேசு கண்டிப்பது விருந்தில் முதல் இடத்தையும் சந்தைவெளியில் வந்தனத்தையும் விரும்புகிறவர்களை. வார்த்தையைவிட அந்த விருப்பத்தின்மேல்தான் அவர் கை வைக்கிறார்.

அதனால்தான் பட்டத்தைக் கழற்றிவிட்டால் தாழ்மை வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. பிரதரன் சபையார் எல்லாரையும் 'சகோதரர்' என்று மட்டுமே அழைப்பது அழகான வழக்கம். ஆனால் ஆள் உயரப் படத்துக்குப் பக்கத்தில் 'சகோ.' என்று போட்ட பேனரை நாம் பார்க்காததா? அங்கே 'சகோ.' என்பதே பட்டமாகிவிடுகிறது. ரோமாபுரியின் கிரகோரியார் (590 முதல் 604 வரை போப்பாண்டவர்), கான்ஸ்டான்டிநோபிளின் தலைமை ஆயர் யோவான் 'உலகளாவிய பிதாப்பிதா' (பேட்ரியார்க்) என்று போட்டுக்கொண்டதைக் கடுமையாக எதிர்த்தார். தன்னை 'தேவ ஊழியரின் ஊழியன்' என்று எழுதினார். பிற்பாடு அதுவும் போப்புகளின் பட்டங்களில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது!

இதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. 1965 நவம்பர் 16 அன்று, கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், ஏறத்தாழ 40 ஆயர்கள் (பிஷப்மார்) ரோமின் தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறையில் கூடி ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். 'எமினென்ஸ்', 'எக்ஸலென்ஸி' போன்ற பட்டங்கள் வேண்டாம், 'ஃபாதர்' போதும் என்பது அதில் ஒன்று. ஆனால் அது தனியாக நிற்கவில்லை: சாதாரண ஜனங்களைப்போல வீடு, சாப்பாடு, வாகனம் போதும்; தங்கள் பெயரில் சொத்தோ வங்கிக் கணக்கோ கிடையாது. போப் பிரான்சிஸ் 2014-இல், இனி 'மான்சிஞோர்' என்ற கௌரவப் பட்டம் புதிதாகக் கிடைப்பது 65 வயது தாண்டிய மறைமாவட்டக் குருக்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்.

அழைப்பிதழுக்கு வருவோம். தன் பெயருக்குத் தானே 'திரு' போட்டுக் கையெழுத்திடும் ஆள் நம் ஊரில் கிடையாது. 'அருட்திரு'வுக்கும் அதே கணக்குதான். மற்றவர்கள் சொல்லலாம், போனை எடுத்து 'அருட்திரு இன்னார் பேசுகிறேன்' என்றால் காது கூசும். 'ரெவரென்ட்' என்பதே லத்தீனில் 'மதிக்கத்தக்க' என்று பொருள்படும் அடைமொழி. 'ரெவரென்ட் வந்தாச்சா?' என்று கேட்பது 'மதிக்கத்தக்க வந்தாச்சா?' என்பதுபோல. 'அருட்திரு ரெவ. பாஸ்டர்' என்று அடுக்குவது ஒரே சட்டையை மூன்று தடவை போடுவது. 'டாக்டர்' போடுமுன் எந்த நிறுவனம் கொடுத்தது என்று கேட்டுவிடுங்கள். 1956-இன் யு.ஜி.சி. சட்டப்படி பட்டம் தர எல்லா இடத்துக்கும் அதிகாரம் கிடையாது. இறையியலில் செராம்பூர் கல்லூரிக்கு 1827-இலேயே அரச சாசனம் கிடைத்திருக்கிறது. ஊர் ஓரத்துக் கட்டடம் எல்லாவற்றுக்கும் அது கிடையாது.

இன்னொன்று, ஐக்கிய ஆராதனை நோட்டீசில் அடிக்கடி நடக்கும் குழப்பம். கத்தோலிக்கரிடம் 'ஆயர்' என்றால் பிஷப், 'பேராயர்' ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) 'பேராயர்' என்பவரே பிஷப். 'சபை ஆயர்' என்பவர் நம் சபைப் போதகர்தான். விசாரிக்காமல் அச்சடித்தால் ஒருவரைப் பதவி உயர்த்தி, இன்னொருவரை இறக்கிவிடுவீர்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட உறுத்துவது, தாழ்மையை மற்றவர்மேல் சுமத்துவது. சி.எஸ்.ஐ. 1976-லேயே பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்யத் தொடங்கியது. 2013-இல் ஒரு பெண் பேராயரும் வந்தார். ஆனாலும் பக்கத்துச் சேகரத்தின் பெண் குருவானவரை எங்கள் கமிட்டியில் 'ஐயரம்மா' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐயரம்மா என்றால் ஐயருடைய மனைவி. அவர் கணவருக்கோ மின்வாரியத்தில் வேலை. 'பேர் எப்படிச் சொன்னா என்ன வே, ஊழியம்தானே முக்கியம்' என்றார் ஒரு பெரியவர். அதே பெரியவர், பேராயர் பெயருக்கு முன்னால் 'மகா கனம்' விட்டுப்போயிற்று என்று முந்தின வாரம் புரூஃபைத் திருப்பி அனுப்பியவர். குருப்பட்டம் இல்லாமல் சபையில் ஊழியம் செய்யும், வயதில் மூத்த உபதேசியாரை இளைய குருமார் ஒருமையில் அழைப்பதும் இந்த ரகம்தான்.

அந்த வருட அழைப்பிதழில் எல்லாருக்கும் ஒரே 'அருட்திரு', ஒரே எழுத்தளவு. உபதேசியாருக்கு 'திரு.' பாடகர் குழுவின் பெயரும் வந்தது. பெண் குருவானவர் போன் பண்ணினார். 'அருட்திரு' பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன் இன்ஷியல் தப்பாக இருக்கிறது என்றார்.