நாலு பேர் டீமுக்கு ஒரு சிஐ: உட்பெக்கரை நிறுவும் வழி

சிஐ (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு) வைக்கலாம் என்று முடிவானதுமே எல்லோரும் எந்த டூல் நல்லது என்று தேட உட்கார்ந்துவிடுவார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

நாங்கள் நாலு பேர். கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேரைப் பைத்தானில் எழுதுகிறோம். எங்கள் கோட் இருக்கும் ரெப்போவில் ‘செக்’ என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. பிப் வைத்துப் பேக்கேஜ்களைப் போடும், கோடில் குறை தேடும் ரஃப்பை ஓட்டும், டெஸ்டுகளுக்கான பைடெஸ்டை ஓட்டும், அவ்வளவுதான். தொடக்கத்திலேயே ‘செட் மைனஸ் ஈ’ என்ற வரி வேண்டும். அது இல்லாவிட்டால் நடுவில் ரஃப் ஆயிரம் குறை சொன்னாலும் ஸ்கிரிப்ட் பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போய்விடும். கடைசிக் கட்டளை தேறினால் எல்லாமே தேறிய கணக்கு. எந்த சிஐ டூலும் பார்ப்பது ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித் தரும் எண்ணைத்தான். 0 என்றால் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. வேலை முழுவதும் ஸ்கிரிப்டுக்குள் இருந்தால் லேப்டாப்பிலும் அதே கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம், நாளைக்கு டூலை மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. டூலின் சொந்த மொழியில் பக்கம் பக்கமாக எழுதி வைத்தவர்கள்தான் மாற முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி டூல். யாரைக் கேட்டாலும் முதலில் ஜென்கின்ஸ் என்பார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது கோசுகே கவாகுச்சி ஹட்சன் என்ற பெயரில் தொடங்கியது அது. சன்னை ஆரக்கிள் வாங்கியபின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று தகராறு வந்து, 2011-ல் ஜென்கின்ஸ் ஆனது. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று பலவகை மெஷின்களில் பில்ட் செய்கிற பெரிய டீமுக்கு இன்றும் அதுதான் சரி. ஆனால் ஆயிரத்துக்கு மேல் பிளகின்கள். போட்டதையெல்லாம் அப்டேட் செய்து பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். 2024 ஜனவரியில் வெளியான ஓர் ஓட்டையில், லாகின் இல்லாதவர்கூட சர்வரில் உள்ள ஃபைல்களின் சில வரிகளைப் படிக்க முடிந்தது. அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் அன்றைக்கே பேட்ச் போட உங்களிடம் ஆள் இருக்கிறாரா?

எங்களிடம் இல்லை. அதனால் உட்பெக்கர். ட்ரோன் என்ற சிஐயின் 0.8 பதிப்பிலிருந்து பிரிந்து வந்தது, அப்பாச்சி 2.0 உரிமம். கோட் வைக்க இடம் தரும் கோட்பெர்க் தளமும் இதைத்தான் தருகிறது. சும்மா இருக்கும்போது அதன் சர்வர் சுமார் 100 எம்பி, வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் சுமார் 30 எம்பி ராம்தான் எடுக்கும். பழைய டெஸ்க்டாப் ஒன்று போதும்.

கோட், சொந்த சர்வரில் வைக்கும் கிட் தளமான ஃபோர்ஜோவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதன் செட்டிங்ஸில் அப்ளிகேஷன்ஸ் பக்கத்துக்குப் போய் ஒரு ஓஆத் அப்ளிகேஷன் உருவாக்குங்கள்; ஃபோர்ஜோ கணக்கை வைத்தே உட்பெக்கரில் லாகின் செய்ய இது வேண்டும். ரீடைரக்ட் முகவரி, உட்பெக்கரின் முகவரியோடு ‘ஸ்லாஷ் ஆத்தரைஸ்’ என்று முடிய வேண்டும். அங்கே கிடைக்கும் ஐடியையும் சீக்ரெட்டையும் டாக்கர் கம்போஸ் ஃபைலில் (உட்பெக்கரின் சர்வரையும் ஏஜென்டையும் கன்டெய்னர்களாக ஓட்டும் ஃபைல்) சர்வர் பகுதியில் கொடுங்கள். ஹோஸ்ட் என்ற மாறியில், பிரௌசரில் நீங்கள் அடிக்கும் முகவரி எச்டிடிபியோடு அப்படியே வர வேண்டும், கடைசியில் ஸ்லாஷ் கூடாது. அட்மின் மாறியில் உங்கள் யூசர் பெயர். ஏஜென்ட் சீக்ரெட் சர்வருக்கும் ஏஜென்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். கன்டெய்னர் எதிலிருந்து உருவாகிறதோ அந்த இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாமல் பதிப்பு எண்ணையே எழுதுங்கள்.

கன்டெய்னர்களைத் தொடங்குவதற்காக, டாக்கரை இயக்கும் வழியான டாக்கர் சாக்கெட்டை ஏஜென்டுக்குக் கொடுக்கிறோம். அதாவது அந்த மெஷினின் ரூட் அதிகாரத்தையே கொடுத்த மாதிரி. வாடிக்கையாளர் டேட்டாபேஸ் இருக்கும் மெஷினில் இதை வைக்காதீர்கள்.

லாகின் செய்து, ரெப்போவை எனேபிள் செய்து, புஷ் செய்தால் ஓட வேண்டும். ஃபோர்ஜோவும் உட்பெக்கரும் ஒரே ஆபீஸ் நெட்வொர்க்கில் இருந்தால் பெரும்பாலும் ஓடாது; எர்ரரும் கண்ணில் படாது. காரணம், புஷ் நடந்ததை உட்பெக்கருக்குச் சொல்வது வெப்ஹூக் என்ற செய்தி; ஃபோர்ஜோ உள்நெட்வொர்க் முகவரிகளுக்கு அதை அனுப்புவதைத் தானாகவே தடுத்து வைத்திருக்கிறது. அதன் கான்ஃபிகில் வெப்ஹூக் பகுதியில் ‘அலவ்ட் ஹோஸ்ட் லிஸ்ட்’ என்பதில் ‘பிரைவேட்’ என்று சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரெப்போவின் மேல்மட்டத்தில் புள்ளியில் தொடங்கும் உட்பெக்கர் யாம்ல் ஃபைல் ஒன்று வேண்டும்; எதை ஓட்ட வேண்டும் என்று சொல்வது அதுதான். உள்ளே ஒரே ஸ்டெப்: இமேஜ் பைத்தான், கட்டளை நம் ‘செக்’ ஸ்கிரிப்ட். டேப் அடிக்காமல் ஸ்பேஸ் மட்டும் அடியுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தேவையென்றால் சர்வீசஸ் பகுதியில் சேர்த்துவிடுங்கள். டெஸ்ட் அதை லோக்கல்ஹோஸ்ட் என்று தேடினால் கிடைக்காது. சர்வீசுக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அதுதான் ஹோஸ்ட் பெயர். போஸ்ட்கிரெஸ் எழுந்திருக்கச் சில நொடி ஆகும் என்பதால், கனெக்ட் ஆகும்வரை முயல்கிற ஒரு லூப்பை ஸ்கிரிப்டிலேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம் லேப்டாப்பில் பச்சை, இங்கே சிவப்பு என்று ஒன்று வரும். எங்களுக்கு வந்தது நிதியாண்டு டெஸ்ட். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குப் போடும் பில், புது ஆண்டின் வரிசை எண்ணில் விழ வேண்டும். எல்லோர் லேப்டாப்பும் இந்திய நேரத்தில் இருந்ததால் பாஸ். கன்டெய்னரோ யூடிசியில், அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதன் கணக்கில் அது மார்ச் 31 இரவு 8:30. பில் பழைய ஆண்டில் போய் விழுந்தது. யாம்லில் டைம்ஸோன் மாறியை வைத்தால் ஒரு வரியில் பச்சை ஆகிவிடும் என்று டீமில் ஒரு குரல் எழுந்தது. செய்யாதீர்கள். கிளவுடில் நம் சாஃப்ட்வேர் ஓடப்போகும் சர்வரும் யூடிசியில்தான் இருக்கும். ஜிஎஸ்டி பில்லில் ஆண்டு மாறினால் கடைக்காரருக்கு ஆடிட்டரிடம் பதில் சொல்லி மாளாது. கோடில் தேதி எடுக்கும் இடத்திலேயே ஏசியா ஸ்லாஷ் கொல்கத்தா என்று வெளிப்படையாகச் சொல்லித் திருத்தினோம்.

பாஸ்வேர்டுகளை யாம்லில் எழுதாமல் உட்பெக்கரின் சீக்ரெட்ஸ் பக்கத்தில் வையுங்கள். புல் ரிக்வெஸ்டுகளுக்கு (மாற்றத்தை மெர்ஜ் செய்யக் கேட்கும் கோரிக்கைகள்) அவை தானாகப் போகாது; அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒரு தடவையாவது ஓடி முடிந்தபின், ஃபோர்ஜோவில் மெயின் பிராஞ்சுக்குப் பாதுகாப்பு விதி போட்டு, ஸ்டேட்டஸ் செக்கைக் கட்டாயமாக்குங்கள். ஓடிய பிறகுதான் அந்த செக்கின் பெயர் அங்கே தென்படும். யாம்லில் ‘வென்’ பகுதியில் புஷ் மட்டும் எழுதியிருந்தால் புல் ரிக்வெஸ்டுக்கான செக் வரவே வராது, மெர்ஜ் பட்டன் காத்துக்கொண்டே இருக்கும். புஷ், புல் ரிக்வெஸ்ட் இரண்டையும் எழுதுங்கள். இமேஜ்கள் சேர்ந்து டிஸ்க் நிரம்பும், அதனால் தேவையில்லாத இமேஜ்களை நீக்கும் டாக்கர் புரூன் வாரம் ஒருமுறை ஓடும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி போட்டு வையுங்கள்.