இருபதடியா நாற்பதடியா? முதலில் எடை, பிறகு டேப்

கண்டெய்னர் புக் செய்யும் பலரும் என்னிடம் முதலில் சொல்வது எத்தனை சிபிஎம் (கன மீட்டர்) என்பதைத்தான். நான் முதலில் கேட்பது எத்தனை டன் என்று. கண்டெய்னருக்குள் சரக்கை அடுக்கும் ஸ்டஃபிங் வேலையில் எனக்குப் படிந்துபோன பழக்கம் இது.

காரணம் இருக்கிறது. இருபதடி, நாற்பதடி கண்டெய்னர்கள் இரண்டுக்கும் பெட்டியோடு சேர்த்த மொத்த எடை வரம்பு பொதுவாக 30,480 கிலோதான். இருபதடியின் வெறும் எடை சுமார் 2,300 கிலோ, நாற்பதடிக்கு 3,800. ஆக, நீளமான பெட்டி ஏற்றும் சரக்கின் எடை குறைவு! டைல்ஸ், இரும்பு, கிரானைட் என்றால் யோசிக்காமல் இருபதடி எடுங்கள். பஞ்சு, நாற்காலி, பிளாஸ்டிக் சாமான் என்றால் நாற்பதடி. லாரி போகும் சாலையின் எடை வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து இடம். இருபதடி 33 சிபிஎம் என்பது காகிதக் கணக்கு. அட்டைப்பெட்டி அடுக்கினால் 26 முதல் 28 வரைதான் போகும். நாற்பதடியில் சுமார் 55, உயரம் கூடிய நாற்பதடியான ஹைகியூபில் 65. ஏன் குறைகிறது? 40 செ.மீ. உயர அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அடுக்குக்கு 240 செ.மீ. வேண்டும். சாதாரணக் கண்டெய்னரின் உள் உயரம் சுமார் 239. ஒரே ஒரு சென்டிமீட்டரில் ஓர் அடுக்கு முழுவதும் போச்சு! அட்டைப்பெட்டியை 39 ஆக்கினாலோ, உள் உயரம் 269 உள்ள ஹைகியூப் எடுத்தாலோ ஆறு அடுக்கும் நிற்கும். சரக்கை நிரப்பி ஒட்டிய பிறகு அளந்து பாருங்கள். வயிறு உப்பி ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கும்.

மரப்பெட்டியில் மெஷின் அனுப்புகிறவர்கள் கதவை மறக்கக் கூடாது. ஒருமுறை 233 செ.மீ. உயரப் பெட்டி ஒன்று வந்தது. உள் உயரத்தைப் பார்த்து "தாராளமாகப் போகும்" என்று நானே சொல்லியிருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கதவு 228 என்பது உறைத்தது. கண்டெய்னரைத் திருப்பியனுப்பி, கதவு 258 உள்ள ஹைகியூப் வரவழைப்பதற்குள் ஒரு நாள் போனது. அன்றிலிருந்து கதவு உயரத்தில் பத்து சென்டிமீட்டர் கழித்துத்தான் கணக்குப் போடுகிறேன். ஃபோர்க் தூக்கவும் இடம் வேண்டுமே. அதற்கும் மேல் உயரமென்றால் மேற்கூரை திறந்த ஓப்பன் டாப்தான்.

சரக்கு 13 சிபிஎம்முக்குள் என்றால் எல்சிஎல் (மற்றவர்கள் சரக்கோடு ஒரே கண்டெய்னரில் பகிர்ந்து அனுப்புவது) விலையும் கேளுங்கள். அதைத் தாண்டினால் பாதி காலியாக இருந்தாலும் தனி இருபதடியே பல நேரம் மலிவாக வரும்.

காலி கண்டெய்னர் வந்ததும் கதவில் எழுதியிருக்கும் டேர் (வெறும் எடை), மேக்ஸ் கிராஸ் (மொத்த எடை வரம்பு) எண்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். 2016 ஜூலை முதல் விஜிஎம் (சரக்கோடு சேர்த்துச் சரிபார்த்த கண்டெய்னரின் மொத்த எடை) கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அந்தக் கணக்குக்கு இந்த டேர்தான் வேண்டும்.