சென்டர் ஆட்டத்தை நடத்தினால் எங்கே பார்ப்பது? புதிய ரசிகர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ பார்க்க ஆரம்பித்த பலருக்கும் வரும் சந்தேகம் இது: டென்வர் நகெட்ஸின் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான வீரர்) நிகோலா யோகிச் உயரமாகக் குதிப்பதில்லை, வேகமாக ஓடுவதும் இல்லை. அப்புறம் எப்படி 2021, 2022, 2024 என்று மூன்று முறை எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) விருது வாங்கினார்? பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. கண்ணை எப்போது எங்கே திருப்ப வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

நேரலை சரிப்படாது. நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்க முடிகிற மேட்ச் வேண்டும். 2023 இறுதித் தொடர், டென்வர் நகெட்ஸ் எதிர் மயாமி ஹீட், நல்ல தேர்வு. டென்வரில் யோகிச், மயாமியில் பாம் அடெபாயோ என்று இரண்டு பக்கமும் பாஸ் கொடுக்கத் தெரிந்த சென்டர்கள்.

படி 1: மூன்று இடங்களை அடையாளம் காணுங்கள்

ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காக, யாரும் தடுக்காமல் எறிய விடுவது) கோட்டின் இரண்டு முனைகளுக்கும் எல்போ என்று பெயர். பலகையிலிருந்து 15 அடி தூரம். அதற்கு மேலே, மூன்று புள்ளிக் கோட்டின் நடுப்பகுதி டாப். வளையத்துக்குப் பக்கத்தில், பெயின்ட்டின் (வளையத்துக்கு முன்னால் உள்ள செவ்வகப் பகுதி) ஓரம் லோ போஸ்ட். ஆட்டம் நடத்தும் சென்டர் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் பந்தை வாங்குவார். இப்போதைக்கு இது போதும்.

படி 2: எதிரணி சென்டரைத் தேடுங்கள்

முழு விஷயத்துக்கும் சாவி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

பந்து யோகிச் கைக்கு வந்ததும் வீடியோவை நிறுத்துங்கள். யோகிச்சை விட்டுவிடுங்கள். அவரைக் காவல் காக்கிறவர் எங்கே நிற்கிறார்? வழக்கமான ஆட்டத்தில் கார்டு (பந்தைக் கையாளும், உயரம் குறைந்த வீரர்) பந்தைக் கொண்டுவருவார், எதிரணியின் உயரமான வீரர் வளையத்தடியில் காத்திருப்பார். உள்ளே வருகிற எல்லோருக்கும் அவர்தான் தடை. ஆனால் எல்போவிலோ டாப்பிலோ பந்தை வைத்திருக்கிற சென்டருக்கு ஷூட்டும் வரும், பாஸும் வரும் என்றால் அந்தத் தடைக்காரர் வெளியே வந்தே ஆக வேண்டும். வந்துவிட்டால் வளையம் காலி.

வேறொருவர் அங்கே போய் நின்றுகொள்ளலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு விதி குறுக்கே நிற்கிறது. 2001-02 சீசனிலிருந்து என்பிஏவில் டிஃபென்ஸுக்கும் மூன்று விநாடிக் கட்டுப்பாடு உண்டு. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் எதிராளி யாரும் இல்லாமல் பெயின்ட்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ போகும். உதவிக்கு வருகிறவர் உள்ளே வந்து, வெளியே போய், மறுபடி உள்ளே வர வேண்டும். அவர் வெளியே காலெடுத்து வைக்கும் நேரம் பார்த்து பாஸ் போகும்.

பத்துப் பதினைந்து முறை இப்படி நிறுத்திப் பார்த்தால் பழகிவிடும். காலியான வளையம் தெரிய ஆரம்பித்ததும் பாதி வேலை முடிந்தது.

படி 3: ஹேண்ட்-ஆஃபை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்

கார்டு பந்தைச் சென்டரிடம் கொடுத்துவிட்டு, அவரைச் சுற்றி ஓடி, கையிலிருந்தே திரும்ப வாங்குவது ஹேண்ட்-ஆஃப். பாஸும் ஸ்க்ரீனும் ஒரே அசைவில் நடக்கின்றன. சென்டரின் அகன்ற உடம்பே கார்டைத் துரத்துகிறவருக்குச் சுவர்.

யோகிச்சும் டென்வரின் கார்டு ஜமால் மரேயும் ஆடுவதைக் கால் வேகத்தில் ஓட்டுங்கள். மரேயின் காவலர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். பின்னாலேயே துரத்தினால் மரே பந்தை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்புவார். குறுக்கு வழியில், யோகிச்சுக்குப் பின்புறமாகப் போனால் மரே அங்கேயே நின்று மூன்று புள்ளிக்கு எறிவார். முந்திக்கொண்டு பாதையை மறித்தால், மரே ஓர் அடி முன்னால் வைத்துச் சட்டென்று வளையம் நோக்கி வெட்டுவார், காவலரின் முதுகுப் பக்கமாக தரையில் தட்டி எழும் ஒரு பவுன்ஸ் பாஸ் போகும். இதுதான் பேக்டோர். இரண்டு காவலர்களும் மரேயோடு போய்விட்டால்? யோகிச் பந்தைக் கொடுப்பதுபோல் காட்டி, தானே வைத்துக்கொண்டு உள்ளே நடப்பார்.

கவனியுங்கள், சென்டர் முன்கூட்டி எதையும் முடிவு செய்வதில்லை. காவலர் எந்தக் காலை எங்கே வைக்கிறார் என்று பார்த்துத்தான் கை நகர்கிறது. என் கருத்தில் இவர்களுக்கு வேண்டிய முதல் திறமை பாஸ் அல்ல, அவசரப்படாமல் இருப்பது. 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று ஷாட் கிளாக் ஓடிக்கொண்டிருக்கும்போது அது சாதாரண காரியம் இல்லை.

படி 4: இரண்டு பேர் சூழும்போது மூலைகளைப் பாருங்கள்

லோ போஸ்ட்டில் சென்டர் முதுகைக் காட்டி நிற்கும்போது சில அணிகள் இரண்டாவது ஆளை அனுப்பும். உடனே கணக்குப் போடுங்கள்: மீதி நான்கு பேரை மூன்று பேர் காக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் யாரை விட்டுவிட்டு வந்தார்? விடை பெரும்பாலும் எதிர்மூலையில் இருக்கும். அங்கிருந்து மூன்று புள்ளிக் கோடு 22 அடிதான். மேலே 23 அடி 9 அங்குலம். உயரமானவர் சூழ்ந்த கைகளுக்கு மேலாக அந்த மூலையைப் பார்க்க முடியும், பந்தையும் மேலாகவே அனுப்ப முடியும். ஆறடி கார்டுக்கு அந்த வசதி இல்லை.

இதே நான்குக்கு மூன்று கணக்கை உயரம் இல்லாமலும் ஆடலாம். கோல்டன் ஸ்டேட்டில் ஸ்டெஃப் கரியை இரண்டு பேர் மறிக்கும்போது, ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கி மீதியை முடித்துவைத்த ட்ரேமண்ட் கிரீன் வெறும் 6 அடி 6 அங்குலம்.

படி 5: அசிஸ்ட் எண்ணிக்கையைச் சந்தேகத்தோடு படியுங்கள்

புள்ளிக்கு வழிவகுத்த பாஸ்தான் அசிஸ்ட். பாஸ் வாங்கியவர் ஷாட்டைத் தவறவிட்டால் அசிஸ்ட் கிடையாது. கடைசிப் பாஸுக்கு முந்தைய பாஸுக்கும் கிடையாது; சென்டர்கள் கொடுக்கும் நல்ல பாஸ்களில் நிறைய அந்த வகை. எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே முதலிடம் மாறும். 1967-68 சீசனில் சென்டர் வில்ட் சேம்பர்லைன் 702 அசிஸ்ட்டோடு லீக்கில் முதலிடம் பிடித்தார். ஒரு மேட்ச்சுக்கான சராசரியில் ஆஸ்கர் ராபர்ட்சன் அவரைவிட மேலே இருந்தார், ஆனால் குறைவான மேட்ச்களே ஆடினார். அந்தக் காலத்தில் மொத்த எண்ணிக்கைதான் கணக்கு.

யோகிச் 2024-25இல் சராசரியாக 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 10.2 அசிஸ்ட் எடுத்தார். ஒரு சீசன் முழுவதும் சராசரியில் ட்ரிபிள்-டபுள் (மூன்றிலும் இரட்டை இலக்கம்) எடுத்த முதல் சென்டர் அவர். ஆனால் அவருக்கு முன்னால் யாரும் இப்படி ஆடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பில் வால்டன் 1977இல் போர்ட்லாண்டுக்குக் கோப்பை வாங்கித் தந்தது இந்தப் பாணியில்தான். லிதுவேனியாவின் ஆர்விடாஸ் சபோனிஸை அதே போர்ட்லாண்ட் 1986இல் டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்தும், அவர் வந்து சேர்ந்தது 1995இல். அதற்குள் காயங்கள் காலைத் தின்றுவிட்டன; பார்வை மட்டும் மிச்சம் இருந்தது, அதை வைத்தே ஆடினார். மகன் டொமாண்டாஸ் 2022-23இல் சாக்ரமென்டோவின் ஆட்டத்தை எல்போவிலிருந்து நடத்தியதையும் தேடிப் பாருங்கள்.

படி 6: எதிரணி எப்படித் தடுக்கிறது என்று பாருங்கள்

படி 2 புரிந்திருந்தால் மருந்தும் தெரிந்திருக்கும்: உயரமான தடைக்காரரை வெளியே வரவிடாமல் வளையத்தடியிலேயே வைத்திருக்க வேண்டும். அதற்கு யோகிச்சை வேறொருவர் காக்க வேண்டும். 2024 பிளே-ஆஃபில் மினசோட்டா இதைச் செய்தது. கார்ல்-ஆந்தனி டவுன்ஸ் யோகிச்சோடு மல்லுக்கட்ட, அந்த அணியின் உயரமான தடைக்காரர் ரூடி கோபேர் டென்வரின் ஏரன் கார்டனைக் காப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு உள்ளேயே சுற்றினார். ஏழு மேட்ச் தொடரை மினசோட்டா வென்றது. அடுத்த ஆண்டு ஓக்லஹோமா சிட்டி ஏழாவது மேட்ச்சில் அலெக்ஸ் கரூசோ என்ற கார்டையே யோகிச் மேல் போட்டு, 125-93 என்று ஜெயித்தது.

ஆகவே இந்த மாதிரி மேட்ச்களில் கண் போக வேண்டிய இடம் கார்டன். தடைக்காரர் கண்டுகொள்ளாமல் விட்ட ஆள் அவர்தான். அவர் மூலையில் நின்று மூன்று புள்ளிகளைப் போட்டால் கோபேர் வெளியே வர வேண்டியிருக்கும், பேக்டோர் மறுபடி திறக்கும். போடாவிட்டால் கோபேர் அசைய மாட்டார்.