குரூப் 4 முதல் முறை எழுதுகிறீர்களா? இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மதுரைக்குப் போய் கோச்சிங் சேராமல், பாம்பனிலோ தொண்டியிலோ ஏர்வாடியிலோ வீட்டில் இருந்தபடியே, கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்ற அரசு வேலைகளுக்காகத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 எழுதித் தேற முடியுமா? முடியும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஒரே தேர்வுதான், நேர்முகத் தேர்வு கிடையாது. பாடத்தில் பெரும்பங்கு பள்ளிப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. எதை முதலில் தொடுவது, எதைப் பிறகு தொடுவது என்ற வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள்.

படி 1: புத்தகத்துக்கு முன்னால் சான்றிதழ்

தேர்வாணைய இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். பதிவு செய்வதற்கு முன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருக்கும். அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடக் குறைய இருக்கும். இதை இப்போதே திருத்துவது எளிது. சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்ட பிறகு ஓடுவதுதான் கஷ்டம்.

சாதிச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் கிடைக்கும். திருமணமான பெண்கள் கவனிக்க: சான்றிதழ் அப்பா பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கினால் செல்லாது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இட ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்ததற்கான சான்று வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு ஊரிலும் உயர்நிலைப் பள்ளி வேறு ஊரிலும் படித்திருந்தால், இரண்டு தலைமை ஆசிரியர்களிடமும் தனித்தனியாக வாங்க வேண்டும். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும், அதற்கு முன்பே போய்விடுங்கள்.

படி 2: தேர்வை ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள்

200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். 2025 தேர்வின் பாடத்திட்டப்படி பிரிவுகள் இப்படி:

தமிழ் 100: இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15.

பொது அறிவு 75: அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழக வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழக வரலாறு பண்பாடு 20.

திறனறிவுக் கணக்கு 25.

இந்தத் தாளை நன்றாகப் பாருங்கள். தமிழும் கணக்கும் சேர்ந்து 125. இந்த 125-க்கும் ஊர் உலகச் செய்தியெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கை பழகினால் போதும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதம் முழுவதும் நடப்பு நிகழ்வு வீடியோ பார்க்கிறார்கள். அறிவியலுக்குத் தனி கைடு வாங்கி இரண்டு மாதம் அதிலேயே உட்காருகிறார்கள். அதில் வருவதோ 5 கேள்வி.

படி 3: தமிழ்

தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். 60 என்பது வாசல்படி மட்டும். வேலை வேண்டுமென்றால் 100 கேள்வியில் 90-க்கு மேல் சரியாக வர வேண்டும் என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகங்களை எடுங்கள். பாடத்தை மட்டும் வாசித்துவிட்டு மூடக் கூடாது. நூல்வெளி, சொல்லும் பொருளும், பாட முடிவில் உள்ள பயிற்சி வினாக்கள், மொழியை ஆள்வோம் பகுதி, கலைச்சொல் பெட்டி, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கேள்வி எடுப்பவர்களின் கண் முதலில் போகும் இடங்கள் இவைதான்.

எழுதும் திறனில் வேர்ச்சொல்லைக் கொடுத்து மாற்றச் சொல்வார்கள். ஒரு சொல்லை எடுத்து முழுதாக விரித்துப் பாருங்கள். வேர்ச்சொல் 'ஓடு'. ஓடினான் என்றால் வினைமுற்று, ஓடி வினையெச்சம், ஓடிய பெயரெச்சம், ஓடியவன் வினையாலணையும் பெயர், ஓடுதல் தொழிற்பெயர். இப்படி நாளைக்கு ஐந்து சொல். காண், வா, தா, கொள் போன்று வடிவம் மாறும் சொற்களை முதலில் எடுங்கள். 'வா' என்பது 'வந்தான்' ஆகும்போது நெடில் குறுகுவதில்தான் தடுமாற்றம் வரும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பேச்சில் ழகரம் ளகரமாகிவிடுவது தென் மாவட்டங்களில் வழக்கம். வாயில் ஒன்றாக ஒலிப்பதால் ஒலி வேறுபாடு அறிதலில் கை தவறும். வலி என்றால் நோவு, வளி என்றால் காற்று, வழி என்றால் பாதை. கச்சானும் சோழகமும் வாடையும் கொண்டலும் வளிதான் என்று ஒருமுறை சேர்த்து நினைத்துக்கொண்டால் பிறகு மறக்காது. இப்படி மூன்று மூன்றாக ஒரு நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

படி 4: கணக்கு, தினமும் 40 நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஐந்து மணி நேரம் போடுவதால் பயன் இல்லை, தினமும் வேண்டும். விழுக்காடு, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும் என்று தலைப்புகள் குறைவு.

ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 18 நாளிலும் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பின்னத்தைப் போட்டுக் குழம்ப வேண்டாம். 12, 18-க்கு மீச்சிறு பொது மடங்கு 36. மொத்த வேலையை 36 பங்கு என்று வையுங்கள். முதலாமவர் நாளைக்கு 3 பங்கு, இரண்டாமவர் 2 பங்கு, சேர்ந்து 5. 36-ஐ 5-ஆல் வகுத்தால் 7 1/5 நாள்.

5,000 ரூபாய்க்கு 4 விழுக்காட்டில் 2 ஆண்டுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன? இரண்டு வட்டியையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முதலாண்டு வட்டிக்குக் கிடைக்கும் வட்டிதான் அந்த வித்தியாசம். முதலாண்டு வட்டி 200, அதற்கு 4 விழுக்காடு 8 ரூபாய். காரணம் புரிந்துவிட்டால் சூத்திரம் மறந்தாலும் பயமில்லை.

படி 5: பொது அறிவு

ஆட்சியியல், பொருளாதாரம், தமிழக வரலாறு இந்த மூன்றிலும் 55 கேள்வி. ஆறு முதல் பத்து வரை சமூக அறிவியலை முதலில் முடியுங்கள். நேரம் இருந்தால் மேல்நிலை வகுப்புப் பொருளியல், அரசியல் அறிவியல். அறிவியலும் புவியியலும் கடைசி.

ஆண்டுகளை வெறும் எண்ணாகப் படித்தால் நிற்காது. உங்கள் ஊரையே ஆணியாக அடித்து அதில் மாட்டுங்கள். 'ஊர்த்தாள்' என்று தலைப்பிட்டு ஒரு முழுத்தாளில் எழுதுங்கள். பாம்பன் ரயில் பாலம் 1914. பக்கத்துச் சாலைப் பாலம் 1988. தூக்குப் பாலத்தோடு புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர். கச்சத்தீவு ஒப்பந்தம் 1974. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986, உயிர்க்கோளக் காப்பகம் 1989, தீவுகள் 21. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் ராம்சர் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் 2022, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025. சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பன் குந்துகாலில் கரையிறங்கியது 1897. வேலு நாச்சியார் பிறந்தது 1730, சிவகங்கையை மீட்டது 1780. உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி கீழக்கரைக்காரர். தாயுமானவர் நினைவு இல்லம் இராமநாதபுரம் இலட்சுமிபுரத்தில். வளர்ச்சி நிர்வாகத்துக்கு: நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதே ஆண்டுகளில் நாட்டிலும் உலகத்திலும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். 1914-க்குப் பக்கத்தில் முதல் உலகப் போர் தொடக்கம், 1964-க்குப் பக்கத்தில் நேரு மறைவு. தினமும் கண்ணில் படும் பாலத்தில் மாட்டிய ஆண்டு தேர்வறையிலும் நினைவுக்கு வரும்.

படி 6: நாள்கணக்கு

2025-இல் அறிவிப்பு வந்தது ஏப்ரல் 25, தேர்வு ஜூலை 12. இடையில் 78 நாள். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் ஒருமுறை வாசிக்கவே நேரம் போதாது. ஆறு மாதம் முன்பே தொடங்கி, நாளைக்கு மூன்றரை மணி நேரம்: தமிழ் ஒன்றரை, கணக்கு 40 நிமிடம், பொது அறிவு ஒரு மணி, முந்தைய நாள் படித்ததைப் புரட்ட 20 நிமிடம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் தம்பிகளுக்கும், மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தங்கைகளுக்கும் கையில் நேரம் கிடைப்பது அப்போதுதான். அந்த நாட்களைப் புதிதாகப் படிக்கச் செலவிடாதீர்கள். படித்ததைத் திரும்பப் பார்க்கவும் மாதிரித் தேர்வு எழுதவும் வையுங்கள். தடைக்காலத்தில்தான் புத்தகத்தைத் திறப்பேன் என்பவர்கள், அந்த 61 நாள் போதாமல் பாதியில் நிற்கிறார்கள்.

தனியாகப் படிக்க முடியாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரியுங்கள். வகுப்புக்குக் கட்டணம் இல்லை.

படி 7: ஓஎம்ஆர் தாளில் பழகுங்கள்

கடைசி எட்டு வாரம், வாரம் ஒரு பழைய வினாத்தாள். காலை 9.30-க்கு உட்கார்ந்து 12.30 வரை, மாதிரி ஓஎம்ஆர் தாளில் (விடைக்குரிய வட்டத்தை நிரப்பும் தாள்), கறுப்பு மை பால்பாயின்ட் பேனாவில். தமிழ் 60 நிமிடம், பொது அறிவு 50, கணக்கு 45, மீதி 25 நிமிடம் சரிபார்க்க. ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை நிரப்பிவிடுங்கள். எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பலாம் என்று வைத்தால் ஒரு வரி தள்ளிப் போகும், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தப்பாகும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. 'விடை தெரியவில்லை' என்பதற்கு ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. எதையுமே நிரப்பாமல் வெறுமையாக விட்டால்தான் மதிப்பெண் கழியும். ஆகவே நான்கில் இரண்டையாவது தள்ள முடிகிற கேள்விக்கு ஐந்தாவது வட்டத்தைத் தொடாதீர்கள், மிச்ச இரண்டில் ஒன்றை நிரப்புங்கள்.

தேர்வு மையத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். 9 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். தீவிலிருந்து வருகிறவர்கள் பாலத்தில் நெரிசல் இருக்கும் என்று கணக்கிட்டு ஒரு பஸ் முன்னதாகவே ஏறுங்கள். உள்ளே போனதும் முதல் வேலை வினாத்தொகுப்பு எண்ணைப் பார்த்து எழுதி, அதற்குரிய வட்டங்களை நிரப்புவது. எழுதிய எண்ணையும் நிரப்பிய வட்டத்தையும் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டுப் பிறகு முதல் கேள்விக்குப் போங்கள்.